புது வின்ச் வாங்குறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டிப் பாருங்க

நெய்வேலிக்காரனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க ஊர்ல தண்ணின்னா சுரங்கத்துக்கு அடியில இருந்து ராத்திரி பகலா பம்ப் பண்ணி வெளியேத்துற நிலத்தடி நீர். படகுன்னா பிச்சாவரத்துக்கு ஸ்கூல் டூர் போனப்ப ஏறினது. கடல் பாக்கணும்னா கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறணும். பிளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம் வேற. அதனால இந்தக் கட்டுரையில எழுத்துப் பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

ஆனா போன செமஸ்டர் லீவுல இன்-பிளான்ட் டிரெய்னிங் சர்ட்டிஃபிகேட்டுக்காக புதுச்சேரி பக்கம் ஒரு சின்ன படகுப் பட்டறையில நாலு வாரம் இருந்தேன். பெரிய கம்பெனி எதுவும் கிடைக்காததால போன இடம்தான். அங்க எனக்குக் கொடுத்த ஒரே வேலை இது: 1980கள்ல கட்டின 30 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒண்ணு. அதோட ரெண்டு வின்ச்சும் சரியில்ல. அதுக்குப் பதிலா என்ன வின்ச் வாங்கலாம்னு பார்த்துச் சொல்லணும். 'ஒரு நாள் வேலை, கேட்லாக்கைப் பார்த்தா முடிஞ்சுது'ன்னு நினைச்சேன். நாலு வாரமும் அதுலயே போச்சு. கடைசியில நான் கத்துக்கிட்டது வின்ச்சைப் பத்தி கொஞ்சம், நம்ம படிப்பைப் பத்தி நிறைய. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல வின்ச்னா என்ன

பாய்மரப் படகுல பாயோட மூலையில ஒரு கயிறு இருக்கும். ஷீட்னு பேரு. காத்து அடிக்கும்போது பாயை இழுத்துப் பிடிக்கிறது அந்தக் கயிறுதான். சின்னப் படகுல கையாலயே பிடிச்சுடலாம். நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் ஒலிம்பிக்ஸ்ல ஓட்டின மாதிரியான ஒற்றையாள் படகுல வின்ச்சே கிடையாது. படகு பெருசாக ஆக, கை பத்தாது. அப்போ கயிறை ஒரு உருளையில மூணு, நாலு சுத்து சுத்தி, மேல கைப்பிடியை மாட்டிச் சுத்துவாங்க. அந்த உருளைதான் வின்ச்.

ஃபர்ஸ்ட் இயர்ல இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல பெல்ட் ஃப்ரிக்ஷன் படிச்சது ஞாபகம் இருக்கா? 16 மார்க் கேள்வி. அதேதான் இது. உராய்வுக் குணகம் 0.2-ன்னு வைங்க. ரெண்டு சுத்து சுத்தினா, நீங்க ஒரு கிலோ இழுத்துப் பிடிச்சா அந்தப் பக்கம் 12 கிலோ நிக்கும். மூணு சுத்துன்னா 43 கிலோ. நாலு சுத்துன்னா 150 கிலோ. சுத்து கூடக் கூட அடுக்கடுக்கா ஏறும். அந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினவன். அது நிஜத்துல எங்க இருக்குன்னு 21 வயசுல, ஒரு கயிறு என் கைக்குள்ள அசையாம நின்னப்பதான் தெரிஞ்சுது.

உருளைக்குள்ள பல்சக்கரங்கள் இருக்கு. திரும்பிச் சுத்தாம இருக்க, ஸ்பிரிங் வெச்ச குட்டிக் குட்டி நாக்குகள் இருக்கு. சைக்கிள் ஃப்ரீவீல்ல 'டிக் டிக்'னு கேக்குமே, அதே ஆசாமி. இங்கிலீஷ்ல அதுக்கு இருக்கிற பேரைத் தமிழ்ல எழுதினா ஆவின் பால் ஞாபகம்தான் வரும். பட்டறையில 'நாக்கு'ன்னுதான் சொல்வாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

கேட்லாக் காட்டின வழி

கேட்லாக்கைத் திறந்தா எல்லா வின்ச்சுக்கும் ஒரு நம்பர் இருக்கும். 16, 30, 40, 46 இப்படி. அது கிட்டத்தட்ட பவர் ரேஷியோ. கைப்பிடி நீளத்தை உருளையோட ஆரத்தால வகுத்து, பல்சக்கர விகிதத்தால பெருக்கினா வரும். கைப்பிடி 10 இஞ்ச், அதாவது 254 மி.மீ. உருளை விட்டம் 76 மி.மீ., பல்சக்கர விகிதம் 6-ன்னா, 254-ஐ 38-ஆல வகுத்து 6-ஆல பெருக்கினா 40. ஒரு கிலோ தள்ளினா 40 கிலோ இழுக்கும். உராய்வுல மூணுல ஒரு பங்கு போயிடும்னு கணக்குல வெச்சுக்கிட்டேன்.

படகுல இருந்த பழைய வின்ச்சை அளந்தேன். 24 வந்தது. கயிறை இழுத்துப் பிடிக்க ஆள் தனியா வேணும். ஏன்னா செல்ஃப்-டெய்லிங் இல்ல. செல்ஃப்-டெய்லிங்னா உருளைக்கு மேல ரெண்டு தட்டு வாய் மாதிரி இருந்து கயிறைத் தானே கவ்விக்கும். அது இருந்தா ஒரே ஆள் ரெண்டு கையாலயும் சுத்தலாம்.

படகோட ஓனர் சாருக்கு 68 வயசு. தோள்ல ஆபரேஷன் ஆனவர். தனியாத்தான் கடலுக்குப் போவார், இல்லன்னா மனைவியோட. "வின்ச் சுத்த முடியலன்னா படகை வித்துடுங்கப்பான்னு பொண்ணு சொல்லிட்டா. இதுதான் கடைசி சான்ஸ், தம்பி"ன்னார். அவர் கேட்டது எலக்ட்ரிக் வின்ச். பட்டனை அமுக்கினா போதும்.

எனக்கு ஒரே குஷி. 46 நம்பர், எலக்ட்ரிக், செல்ஃப்-டெய்லிங். இருக்கறதுலயே பெருசு. ரெண்டு பக்க ரிப்போர்ட் எழுதி, பிரின்ட் எடுத்து, ஃபைல் போட்டு பட்டறை அண்ணன் கிட்ட நீட்டினேன். அவர் ஐடிஐ ஃபிட்டர். முப்பது வருஷமா படகுதான். ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்ல. கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடிச்சு, வின்ச் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுத்தி டொக் டொக்னு தட்டினார். பண்ருட்டியில பலாப்பழம் வாங்கும்போது தட்டிப் பாப்பாங்களே, அப்படி. ரெண்டு இடத்துல சத்தம் மாறுச்சு. மொத்தையா, ஈரத் துணியைத் தட்டின மாதிரி.

"கேட்டுச்சா?"ன்னார்.

"கேட்டுச்சுண்ணே. என்ன அது?"

"உள்ள மரம் ஊறிப் போச்சு. இது மேல போயி உன் யானையைக் கட்டப் போறியா?"

பெரிய நம்பர் ஏன் தப்பு

அந்தக் காலத்து ஃபைபர் படகுகள்ல மேல் தளம் சாண்ட்விச் மாதிரி. மேலயும் கீழயும் ஃபைபர், நடுவுல பால்சா மரம். போல்ட் ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி இறங்கினா நடுவுல இருக்கிற மரம் மக்கிடும். வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது.

இப்போ நம்பருக்கு வருவோம். பாய்க் கயிறுல எவ்வளவு இழுவை வரும்னு கணக்குப் போட ஒரு தோராய சூத்திரம் புழக்கத்துல இருக்கு. பாயோட பரப்பு சதுர மீட்டர்ல, காத்தோட வேகம் நாட்ல. வேகத்தை வர்க்கப்படுத்தி, பரப்பால பெருக்கி, 0.021-ஆல பெருக்கினா கிலோவுல இழுவை. சாரோட முன்பாய் 28 சதுர மீட்டர். 15 நாட் காத்துல 132 கிலோ. 20 நாட்ல 235 கிலோ. 30 நாட்ல 529 கிலோ. காத்து ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு.

20 நாட்ல பழைய 24 நம்பர் வின்ச்சைச் சுத்த, உராய்வோட சேர்த்து கைப்பிடியில 15 கிலோ தள்ளணும். ஆபரேஷன் ஆன தோளுக்கு அது முடியாது. 40 நம்பர்னா 9 கிலோ. சந்தோஷம்தான். ஆனா அதே 40 நம்பரை ஒரு வாட்டசாட்டமான ஆள் 20 கிலோ போட்டுத் தள்ளினா? உராய்வு போக 530 கிலோ வரைக்கும் கயிறு இழுபடும். கயிறு, பாய், கப்பி, தளம் எல்லாமே 24 நம்பர் வின்ச்சை மனசுல வெச்சுக் கட்டினது. அதுல 20 கிலோ தள்ளினாலும் 320 கிலோவுக்கு மேல போகாது. அதாவது பழைய வின்ச்சோட பலவீனம்தான் இத்தனை வருஷமா படகுக்குப் பாதுகாப்பா இருந்திருக்கு. எலக்ட்ரிக் இன்னும் மோசம். கைக்காவது பாரம் கூடுறது தெரியும், கை நிறுத்திடும். பட்டனுக்கு ஒண்ணும் தெரியாது. ஏதாவது பிய்யற வரைக்கும் இழுக்கும்.

மின்சாரக் கணக்கையும் அண்ணன் என்னையே போடச் சொன்னார். 12 வோல்ட்ல 900 வாட் மோட்டார்னா 75 ஆம்பியர். பாட்டரியில இருந்து வின்ச் வரைக்கும் 6 மீட்டர், போக வர 12 மீட்டர். நான் ரிப்போர்ட்ல எழுதியிருந்த 10 சதுர மி.மீ. கேபிள்ல ஒன்றரை வோல்ட் காணாமப் போகுது. கேபிள்ல மட்டும் நூறு வாட்டுக்கு மேல சூடு. 35 சதுர மி.மீ. போட்டா அரை வோல்ட்டுக்குள்ள அடங்கும். ஆனா அந்தக் கேபிளை இழுக்க படகுல பாதி உள்வேலையைப் பிரிக்கணும், பாட்டரி கூட்டணும், பழைய இன்ஜினோட ஆல்டர்னேட்டரை மாத்தணும். ஒரு வின்ச்சுக்காக ஒரு படகையே மாத்தற கதை. நான் எலக்ட்ரிக்கல் மைனர் எடுத்தவன். வோல்டேஜ் டிராப் தெரியாதவன் இல்ல. ஆனா ரிப்போர்ட் எழுதும்போது போட்டுப் பாக்கணும்னு தோணவே இல்ல. யாரும் கேள்வியாக் கேக்கலையே!

இன்னும் ஒண்ணு. புது வின்ச்சோட அடிப்பாகம் மூணு சென்டிமீட்டர் பெருசு. அது உட்கார வேண்டிய மேடையில இடம் இல்ல. கைப்பிடி சுத்தினா கம்பியில இடிக்கும். கயிறு கீழே இருந்து கொஞ்சம் சாய்வா, ஒரு 5, 10 டிகிரியில மேல ஏறி உருளைக்கு வரணும். அப்படி வரலன்னா ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறிப் பூட்டிக்கும். நல்ல காத்துல அது பூட்டிக்கிச்சுன்னா பாயை விடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. இதெல்லாம் கேட்லாக்ல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருந்தது. நான் முதல் பக்கத்துல கலர் படம் பார்த்தவன்.

என் கிரீஸ், அவர் கை

ரெண்டாவது வாரம் அண்ணன் சொன்னார்: "புதுசை அப்புறம் பாப்போம். முதல்ல பழசைக் கழட்டு."

கழட்டினேன். உள்ள பத்துப் பதினைஞ்சு வருஷ கிரீஸ், வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. டீசல்ல ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா, உள்ள வெண்கலப் பல்சக்கரங்கள் பளபளன்னு வருது. ஒரு பல் கூடத் தேயல. கெட்டுப் போனது நாலு ஸ்பிரிங் மட்டும். அதுவும் நகத்து அளவு கம்பி. அந்த வின்ச்சை செஞ்ச கம்பெனி எப்பவோ இழுத்து மூடியாச்சு. அமெரிக்காவோட பேரியன்ட், ஆஸ்திரேலியாவோட பார்லோ எல்லாம் ஒரு காலத்துல பெரிய பேரு, இப்போ கிடையாது. ஆனா அந்த ஸ்பிரிங் மாதிரி இன்னும் கிடைக்குது. அண்ணன் அவசரத்துக்குக் கம்பியை வளைச்சே செஞ்சுட்டார்.

இப்போ என் தப்பு. திரும்பப் பூட்டும்போது அண்ணன் சொன்னார், "பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் கிரீஸ் மெல்லிசா தடவு. நாக்குக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். கிரீஸ் வைக்காத." நான் தலையாட்டினேன். ஆனா மனசுக்குள்ள, 'கடல் உப்பு ஆச்சே, கொஞ்சம் கிரீஸ் கூட இருந்தா நல்லதுதானே'ன்னு நாக்குக்கும் சேர்த்து நல்லா அப்பிட்டேன்.

மறுநாள் டெஸ்ட். கயிறை ஒரு தென்னை மரத்துல கட்டி, அண்ணன் கைப்பிடியைச் சுத்தினார். கயிறு விறைச்சு நின்னப்ப ஒரு செகண்ட் கையைத் தளர்த்தினார். அந்த நேரத்துல நாக்கு வெளிய வந்து பல்லைப் பிடிக்கணும். கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு வரல. உருளை மொத்தமாத் திரும்பிச் சுத்துச்சு. இரும்புக் கைப்பிடி அவர் முன்னங்கையில அடிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. எலும்பு முறியல. ஆனா ஒரு வாரம் கை வீங்கிப் போயி இடது கையாலதான் சாப்பிட்டார்.

அவர் என்னைத் திட்டல. பிரிச்சு, கிரீஸைப் பாத்துட்டு, "சொன்னேனே தம்பி"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு. என் சி.ஜி.பி.ஏ. 8.4. அது அந்த நாக்குக்குத் தெரியாது.

கடைசியில என்ன வாங்கினோம்

மூணாவது வாரம் சார் வந்தப்ப, அண்ணன் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காத்து எவ்வளவு வந்ததும் பாயைச் சுருக்குவீங்க சார்?" சார் கொஞ்சம் வெக்கப்பட்டு, "சுருக்கறது கஷ்டம்ப்பா, முழுப் பாயிலயே ஓட்டிடுவேன்"ன்னார்.

கணக்கு அப்படியே மாறிடுச்சு. 20 நாட் காத்துல 28 சதுர மீட்டர் பாயை 20 சதுர மீட்டரா சுருக்கினா, இழுவை 235-ல இருந்து 168 கிலோவா இறங்குது. அதுக்கு 30 நம்பர் வின்ச் போட்டா, கைப்பிடியில எட்டரைக் கிலோ போதும். முழுப் பாய்க்கு 40 நம்பர் போட்டா 9 கிலோ. அதாவது பெரிய வின்ச் வாங்கறதை விட, பாயை நேரத்துல சுருக்கறது தோளுக்கு லேசு. படகுக்கும் நல்லது. கூடவே, நம்பர் கூடக் கூட வேகம் குறையும். ஒரு சுத்துக்கு 40 நம்பர் 4 சென்டிமீட்டர் கயிறு இழுக்கும், 30 நம்பர் 5 சென்டிமீட்டருக்கு மேல இழுக்கும். வேலைங்கறது விசையும் தூரமும் பெருக்கினது. எங்கேயும் ஓசி கிடையாது.

முடிவு இதுதான். கையால சுத்தற 30 நம்பர், ரெண்டு கியர், செல்ஃப்-டெய்லிங், சாரோட 12 மி.மீ. கயிறைக் கவ்வற வாய், பழைய மேடையில அப்படியே உட்கார்ற அடிப்பாகம். அதுக்கு முன்னாடி மக்கிப் போன மரத்தைச் சுரண்டி எடுத்து, எப்பாக்ஸி நிரப்பி, அது இறுகினப்புறம் அதுக்குள்ள துளை போட்டு, அடியில நல்ல தடிமனான தட்டு வெச்சு போல்ட் பண்ணோம். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடற இடத்துல பேஸ்ட் தடவினோம். ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணியில சேர்ந்தா அலுமினியம் அரிச்சுடும். கெமிஸ்ட்ரியில படிச்சிருப்பீங்க. கழட்டிச் சுத்தம் பண்ண பழைய வின்ச் ரெண்டையும் தூக்கிப் போடல. பாயை மேல ஏத்தவும் சுருக்கவும் பாய்மரத்துக்கிட்ட மாட்டினோம். அதனால சாருக்குப் பாய் சுருக்கறதும் லேசாச்சு. எலக்ட்ரிக் வாங்கினா ஆகற செலவுல பாதிகூட ஆகல.

கிளம்பறதுக்கு முந்தின நாள் சார் ஒரு கையாலயே சுத்திப் பாத்தார். படகை விக்கறதைப் பத்தி அதுக்கப்புறம் பேசவே இல்ல.

பெரிய கடல்ல போனவங்க

இது ஏதோ சின்னப் பட்டறை சமாச்சாரம்னு நினைக்காதீங்க. இந்தியக் கடற்படையோட 56 அடிப் பாய்மரப் படகு தாரிணி, கோவாவுல கட்டி 2017 பிப்ரவரியில கடற்படையில சேர்ந்தது. அந்த வருஷமே ஆறு பெண் அதிகாரிகள் அதுல உலகத்தைச் சுத்தக் கிளம்பினாங்க. திரும்பி வர்ற வழியில ஸ்டீயரிங்ல கோளாறு, மொரீசியஸ் போர்ட் லூயியில நிறுத்திச் சரி பண்ணிக்கிட்டு வந்தாங்க. அதே படகு 2024 அக்டோபர் 2-ஆம் தேதி மறுபடியும் கோவாவுல இருந்து கிளம்புச்சு. இந்த முறை ரெண்டே பேர். கோழிக்கோட்டுக்காரர் தில்னா, நம்ம பக்கத்து ஊரு புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமி. எட்டு மாசம் கழிச்சு 2025 மே 29-ஆம் தேதி திரும்பி வந்தாங்க. ரெண்டு பேர் மட்டும் இருக்கிற படகுல, எது கெட்டாலும் அந்த நாலு கைதான் கழட்டணும், பூட்டணும்.

அபிலாஷ் டோமியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2022-ல தொடங்கின கோல்டன் குளோப் ரேஸ்ல 1988-க்கு முன்னாடி வடிவமைச்ச வகைப் படகுலதான் போகணும்னு விதி. அவர் போனது ரஸ்ட்லர் 36. கிளம்பினது 16 பேர். பந்தயத்தை முழுசா முடிச்சது மூணே பேர். அவர் ரெண்டாவது, 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி. வழியில படகைத் தானே திருப்பற காத்துத் தகடு உடைஞ்சப்ப, கழிவறைக் கதவை அறுத்து அதுக்குத் தகடு செஞ்சிருக்கார். கேட்லாக்ல இருந்து வாங்க முடியாத இடத்துல, படகுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்தான் கரை சேர்றான்.

சரி, நமக்கு என்ன?

இங்கதான் என் கருத்துக்கு வர்றேன். கோபம் வந்தா கமென்ட்ல திட்டுங்க.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூல கேக்கற முதல் கேள்வி, "இதுல புதுசா என்ன இருக்கு?" நல்ல கேள்விதான். ஆனா "இருக்கிறதைத் திறந்து பார்த்தியா?"ன்னு இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல. அதனால என்ன ஆகுது? புதுசா ஒண்ணு காட்டணும். ஒரு சென்சார், ஒரு போர்டு, ஒரு ஆப். அதுவும் நேரம் இல்லன்னா ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து ரிப்போர்ட்டோட வாங்கறோம். பொய் சொல்லாதீங்க, நம்ம கிளாஸ்ல எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். நானும் போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டை அப்படித்தான் முடிச்சேன். வைவாவுல நல்லாவே பேசினேன். அந்தப் பெட்டியை இன்னிக்கு வரைக்கும் நான் திறந்ததே இல்ல.

என் 46 நம்பர் எலக்ட்ரிக் ரிப்போர்ட்டும் அதே சரக்குதான். ரிவ்யூல வெச்சிருந்தா நல்ல மார்க் வந்திருக்கும். கடல்ல வெச்சிருந்தா தளம் பிய்ஞ்சிருக்கும்.

ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், "மச்சி, பணக்காரர் பொழுதுபோக்குப் படகு அது. அதுக்கு ஏன்டா இவ்வளவு ஃபீலிங்?" நியாயமான கேள்வி. ஆனா கடலூர் துறைமுகத்துல விசைப்படகுல வலை இழுக்கறது வின்ச். எங்க ஊர் சுரங்கத்துல மண்ணை வெட்டற பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரோட நீளக் கையை ஏத்தி இறக்கறது வின்ச். அப்பா அந்த மெஷின் பராமரிப்புல இருந்து ரிட்டயர் ஆனவர். நான் லீவு முடிஞ்சு வீட்டுக்கு வந்து கிரீஸ் கதையைச் சொன்னதும், சாப்பிட்டுக்கிட்டே, "நாக்குல யாராவது கிரீஸ் வைப்பாங்களா?"ன்னார். இருபத்தோரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், அப்பாகிட்ட அவர் வேலையைப் பத்தி நான் ஒரு கேள்வி கேட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசினோம். அதுக்கு நான் புதுச்சேரி போக வேண்டியிருந்திருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். பழசையெல்லாம் கட்டிக்கிட்டு அழணும்னு நான் சொல்லல. பல்சக்கரத்துல பல் உடைஞ்சிருந்தா, உருளையில விரிசல் இருந்தா, பாகம் எங்கேயும் கிடைக்கலன்னா, மாத்தித்தான் ஆகணும். நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோட கட்டினது. 1962-ல ஓட ஆரம்பிச்சு 2020-ல நிறுத்தினாங்க. நிறுத்த வேண்டிய நேரம் வந்தது, நிறுத்தினாங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அம்பது வருஷத்துக்கு மேல அதை ஓட வெச்சவங்க தினமும் அதைத் திறந்து பார்த்தவங்க. எப்போ நிறுத்தணும்னு சொல்ற தகுதியும் அப்படிப் பார்த்தவங்களுக்குத்தான் இருக்கு. திறந்தே பார்க்காதவன் 'மாத்திடு'ன்னு சொன்னாலும் 'வெச்சுக்கோ'ன்னு சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

அதனால நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. ஃபைனல் இயர்ல 'புது ப்ராஜெக்ட்' ஒரு வழியா இருக்கட்டும். கூடவே இன்னொரு வழியும் வைங்க. ஓடாம கெடக்கிற ஒரு மெஷினை எடுத்து, கழட்டி, எது கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சு, எதை மாத்தணும், எதை மாத்தக் கூடாதுன்னு கணக்கோட எழுதிட்டு, திரும்பப் பூட்டி ஓட்டிக் காட்டணும். நம்ம ஒர்க்‌ஷாப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கிற லேத்ல இருந்தே ஆரம்பிக்கலாம். ப்ராஜெக்ட் சென்டர்ல அதை விக்க முடியாது. ஒவ்வொரு பழைய மெஷினும் வேற வேற விதமாத்தான் கெட்டிருக்கும்.

ஜூனியர்ஸ், உங்களுக்குத் தனியா ஒண்ணு. எனக்கும் ஐடி ஆஃபர்தான். ஜூலையில ஜாயினிங். அதனால நான் மெக்கானிக்கல் தியாகின்னு நினைச்சுக்காதீங்க. ஆனா அங்கேயும் இருபது வருஷப் பழைய சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணைக் கொடுத்து 'இதுக்குப் பதிலா என்ன போடலாம்?'னு கேப்பாங்கன்னு சீனியர் சொல்றார். அன்னிக்கு முதல் பக்கத்துக் கலர் படத்தைப் பார்க்காம இருக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன். யாருக்காக மாத்தறோம், அவங்க தோள்ல எவ்வளவு பலம் இருக்கு, அடியில மரம் ஊறியிருக்கா, பாரத்தையே குறைக்க முடியுமா. இந்த நாலையும் கேட்டுட்டு அப்புறம்தான் நம்பர்.

போன வாரம் பட்டறை அண்ணனுக்கு ஃபோன் பண்ணேன். கை எப்படி இருக்குண்ணேன்னு கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. சார் முந்தாநாள் தனியா போயிட்டு வந்தார்"ன்னார். அப்புறம், "லீவு விட்டா வா தம்பி. இன்னொரு படகு வந்திருக்கு. அதுல வின்ச் சுத்தவே மாட்டேங்குது"ன்னார்.

என்ன வாங்கலாம்னு நான் கேக்கல. "கழட்டிட்டீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.